வணிக மாலுமி கண்ட தென்கடற்றீவுகள்

உலகப் படத்தை விரித்து நோக்குவோர், தென்னமெரிக்காக் கண்டத்தின் கூர்ந்த முனைக்கு நேர் தெற்கே, அந்தாட்டிக்காக் கண்டத்தினின்றும் ஒரு தீபகற்பம் வடக்கு நோக்கி நீண்டு கிடப்பதைக் காண்பர். இரண்டிற்கும் இடையே டிரேக் நீரிணை என்னும் கொந்தளிப்பு மிக்க கடல் உண்டு. அத்தீபகற்பத்தின் வடமேற்கே, ஏறக்குறைய 120 கிலோமீற்றர் தொலைவில், ஒரு சங்கிலி போல ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளத்துக்குத் தீவுகள் சில அமைந்துள்ளன. இவையே தென் ஷெற்லாந்துத் தீவுகள். இவற்றின் நிலப்பரப்பிற் பெரும்பகுதி ஆண்டு முழுவதும் பனிக்கட்டியாற் போர்த்தப்பட்டிருக்கின்றது. மரம் என்று சொல்லத்தக்க ஒன்றுதானும் அங்கில்லை. மனிதர் நிலையாகக் குடியிருந்த வரலாறும் இல்லை.

இத்தீவுகளைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அரசர் அனுப்பிய ஆராய்ச்சியாளர் அல்லர். கடற்படைத் தலைவரும் அல்லர். சரக்கேற்றிக் கூலி பெறும் சிறியதொரு வணிகக் கப்பலின் தலைவரே அவர். நிலம் தேடி அவர் புறப்பட்டாரல்லர். காற்று அவரை வழிவிலக்கியது. வழிவிலகிய இடத்தில் நிலம் இருந்தது. இவ்வளவே நிகழ்ந்தது எனின் அது ஒரு தற்செயலாய் முடிந்திருக்கும். ஆனால், கண்டதைக் கண்டேன் என்று சொன்ன அவர் சொல்லை முதலில் எவரும் நம்பினாரல்லர். நம்பிய பின்போ, அந்நம்பிக்கையே அத்தீவுகளின் உயிரினங்களுக்குப் பெருங்கேடாய் முடிந்தது. ஆதலின் இவ்வரலாறு புவியியல் மாணவர்க்கு மட்டுமன்றி, அறிவின் பயன் யாது என்று எண்ணுவார் யாவர்க்கும் உரியதாகும்.

தென்றிசைக் கண்டம்

பூமியின் தென்கோடியில் ஒரு பெருங்கண்டம் இருத்தல் வேண்டும் என்பது ஐரோப்பியரின் பழைய நம்பிக்கை. வடபாதியில் நிலம் மிகுந்திருத்தலின், அதற்குச் சமமாகத் தென்பாதியிலும் நிலம் இருந்தாலன்றிப் பூமி நிலைகொள்ளாது என்று அவர்கள் கருதினர். இந்நம்பிக்கையைச் சோதிக்கப் புறப்பட்டவர்களுட் சிறந்தவர் ஜேம்ஸ் குக் என்னும் ஆங்கிலேய மாலுமி. அவர் 1773ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் திகதி அந்தாட்டிக்க வட்டத்தைக் கடந்தார். அதனைக் கடந்தாரென அறியப்பட்டவர்களுள் அவரே முதல்வர். மறு ஆண்டு ஜனவரி மாதத்தில் தெற்கு அகலக்கோடு 71 பாகை 10 கலை வரை சென்றார். அங்கே பனிக்கட்டி மதில் போல நின்று வழிமறித்தது. தெற்கே நிலம் இருப்பினும் அது பனியுள் மறைந்து கிடப்பது, அதனால் உலகுக்குப் பயன் விளையாது என்னும் கருத்தோடு அவர் மீண்டார்.

குக் பெற்றிருந்த பெரும்புகழ் காரணமாக அவர் கூற்று முடிந்த முடிபெனக் கொள்ளப்பட்டது. அவருக்குப் பின் நாற்பத்தைந்து ஆண்டுகள் வரையில் தென்கண்டத்தைத் தேடும் முயற்சி பெரும்பாலும் ஓய்ந்திருந்தது. ஹோண் முனையைச் சுற்றிப் பல கப்பல்கள் ஆண்டுதோறும் சென்று வந்தன. எனினும், அம்முனைக்குத் தெற்கே ஏறக்குறைய 800 கிலோமீற்றர் தொலைவிற் கிடந்த தீவுகளை எவரும் கண்டதாகக் கூறவில்லை. அறிஞர் ஒருவரின் முடிபு சிலவேளைகளில் அறிவுக்கு வாயிலாகாது தாழ்ப்பாளாகவும் அமையும் என்பதற்கு இது தக்க சான்று.

ஹோண் முனையும் மேல்காற்றும்

கப்பல்கள் அம்முனையை எவ்வாறு கடந்தன என்பதை அறிந்தாலன்றி, ஸ்மித் என்பார் தெற்கே சென்ற காரணம் விளங்காது. தெற்கு அகலக்கோடு 40 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓயாது வீசும் காற்றுகள் உள. வடபாதியில் இத்தகைய காற்றுகளைக் கண்டங்களும் மலைத்தொடர்களும் தடுக்கின்றன. தென்பாதியிலோ அவற்றைத் தடுக்கத்தக்க நிலம் மிகக் குறைவு. ஆதலின் காற்று பூமியைச் சுற்றிச் சுற்றி வீசி, மலையொத்த அலைகளை எழுப்புகின்றது. தென்னமெரிக்காவின் முனைக்கும் அந்தாட்டிக்கத் தீபகற்பத்திற்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வாயிலிற் காற்றும் நீரோட்டமும் ஒருங்கே புகுவதால் அவ்விடம் மேலும் கொடியதாகின்றது.

அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து பசிபிக் சமுத்திரத்துக்குச் செல்லும் கப்பல் இக்காற்றை எதிர்த்தே செல்லல் வேண்டும். குறுக்குப் பாய் கட்டிய கப்பல் காற்றுக்கு நேர் எதிராகச் செல்ல இயலாது. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 65 பாகை விலகியே அது செல்லும். எனவே மாலுமிகள் ஒருகாற் தெற்கு நோக்கியும் ஒருகால் வடக்கு நோக்கியும் மாறி மாறிப் பாய் திருப்பிச் சிறிது சிறிதாக மேற்கே முன்னேறுவர். வடபால் பாறைக்கரை அண்மையிலிருத்தலின் தென்பால் விலகிச் செல்வதே பாதுகாப்பு. சிலர் 60 பாகை வரை இறங்கி, காற்று தெற்காகத் திரும்பும் வேளை பார்த்து வடமேற்காக ஓடுவர். எத்துணைத் தெற்கே இறங்குவது என்பது கப்பற்றலைவரின் துணிவையும் அன்றைய காற்றையும் பொறுத்தது.

1819ஆம் ஆண்டு பெப்ரவரி

வில்லியம் ஸ்மித் இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள பிளைத் துறைமுகப் பகுதியில் 1790ஆம் ஆண்டளவிற் பிறந்தவர். நிலக்கரி ஏற்றிச் செல்லும் கப்பல்களே அக்கரையோர இளைஞரின் கடற்பள்ளி. குக்கும் அத்தகைய கப்பல்களிலேயே தொழில் பயின்றார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஸ்மித் ‘வில்லியம்ஸ்’ என்னும் கப்பலின் தலைவராகவும் அதன் பங்காளருள் ஒருவராகவும் விளங்கினார். பிளைத்தில் 1812ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்ட அக்கப்பல் இரு பாய்மரங்களை உடையது. 216 தொன் அளவினது.

அக்காலத்திற் சிலி நாடு இசுப்பானிய ஆட்சியினின்றும் விடுபட்டு நின்றது. 1818ஆம் ஆண்டு மைப்பூப் போரில் விடுதலைப் படை வென்றபின், வல்பரைசோத் துறைமுகம் பிரித்தானிய வணிகர்க்குத் தாராளமாகத் திறந்திருந்தது. இவ்வாய்ப்பை நாடிய வணிகருள் ஸ்மித்தும் ஒருவர். 1819ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் லாப்பிளாற்றா ஆற்றுமுகத்திலிருந்து வல்பரைசோவுக்குச் சரக்கேற்றிப் புறப்பட்டார். ஹோண் முனையை அணுகியபோது எதிர்க்காற்று கடுமையாக இருந்தது. வழக்கத்துக்கு மேலாகத் தெற்கே சென்றாற் சாதகமான காற்றுக் கிடைக்கக்கூடும் என்று அவர் துணிந்தார்.

பெப்ரவரி 19ஆந் திகதி, ஏறக்குறைய 62 பாகையில், பனித்தூறலும் மேகமும் கலந்த வானத்தினூடே, தென்கிழக்கில் நிலம் போன்றதொன்று தோன்றியது. மறுநாளும் அதனை அணுகி நோக்கினார். அது மிதக்கும் பனிமலையன்று, பாறையும் பனியும் கலந்த உண்மை நிலமே என்று அவர் தெளிந்தார். அவர் முதலிற் கண்டது லிவிங்ஸ்ரன் தீவின் வடகீழ் முனை. அது இன்றும் அவர் கப்பலின் பெயரால் வில்லியம்ஸ் முனை என வழங்குகின்றது.

கண்ட நிலத்தில் இறங்கிப் பார்க்க எவருக்கும் ஆவல் எழும். ஆயினும் ஸ்மித் இறங்கினாரல்லர். வணிகக் கப்பலின் சரக்குப் பிறர் பொருள். அது காப்புறுதி செய்யப்பட்டிருப்பதும் குறித்த வழிக்கே. தக்க காரணமின்றிக் கப்பல் வழிவிலகின், பின்னர் நேரும் இழப்புக்குக் காப்புறுதியாளர் பொறுப்பேலார் என்பது கடல்வணிகச் சட்டத்தின் பழைய விதி. கரை அறியாக் கடலிற் கப்பல் பாறையில் மோதியிருப்பின் ஸ்மித் தம் பங்கை மட்டுமன்றித் தம் பெயரையும் இழந்திருப்பார். ஆவலை அடக்கி அவர் மேற்கே திரும்பியமை அச்சத்தாலன்று. பொறுப்புணர்ச்சியாலேயே எனல் பொருந்தும்.

நம்பாமைக்குக் காரணம்

மார்ச் மாதத்தில் வல்பரைசோவை அடைந்த ஸ்மித், அங்கிருந்த பிரித்தானியக் கடற்படையின் மூத்த அதிகாரியாகிய கப்டன் ஷெரிவ் என்பவரிடம் தாம் கண்டதை அறிவித்தார். ஷெரிவ் அதனை ஏற்றாரல்லர். ஊரிலிருந்த ஆங்கிலேயரும் அவரை எள்ளி நகைத்தனர்.

இந்நம்பாமையை வெறும் செருக்கென ஒதுக்குதல் முறையன்று. தென்கடலிற் பனிமலைகள் தீவுகள் போலத் தோன்றும். அடிவானத்திற் படிந்த மேகத் திரள் மலைத்தொடர் போலத் தோன்றும். மாலுமிகள் நல்லெண்ணத்தோடு கண்டு சொன்ன தீவுகள் பல பின்னர் இல்லாதனவாய் முடிந்துள்ளன. போக்லாந்துத் தீவுகளுக்குக் கிழக்கே ‘அவுரோரா’ என்னும் தீவுகள் இருப்பதாக 1762இல் ஒரு கப்பல் அறிவித்தது. 1794இல் இசுப்பானியக் கடற்படைக் கப்பலொன்று அவற்றின் இடத்தை அளந்தும் குறித்தது. ஆயினும் பிற்காலத்தில் வெடெல் முதலியோர் சென்று தேடியபோது அவ்விடத்தில் நீரன்றி வேறொன்றும் இல்லை. கடற்படை அளந்து குறித்த தீவே இல்லாது போகும்போது, வணிகர் ஒருவர் பனித்தூறலினூடே கண்ட நிலத்தை எவ்வாறு நம்புவது? ஷெரிவ் கேட்டது சான்று. ஸ்மித்திடம் இருந்தது சொல்.

அச்சொல்லை மெய்ப்பிக்க ஸ்மித் உறுதி பூண்டார். அவ்வாண்டு மே மாதத்தில் வல்பரைசோவிலிருந்து திரும்பும்போது மீண்டும் தெற்கே இறங்கினார். ஆனால் அது தென்பாதியின் மாரிகாலம். ஜூன் மாத நடுப்பகுதியில் 62 பாகையை அடைந்தபோது கடல் உறைந்து, பனிக்கட்டிப் பாளங்கள் கப்பலைச் சூழத் தொடங்கின. நிலத்தைக் காணாமலே அவர் விலக நேர்ந்தது.

மொன்ரிவிடியோவை அடைந்தபோது அவருக்கு வேறொரு சோதனை காத்திருந்தது. ஆங்கிலேயர் நகைத்த செய்தியை அமெரிக்க வணிகர் கருத்தூன்றிக் கேட்டனர். கடல்நாய்த் தோலுக்குச் சீனாவின் கன்ரன் நகரிற் பெருவிலை இருந்தது. தென் ஜோர்ஜியா முதலிய இடங்களில் முன்னரே வேட்டையாடி அவ்வினத்தை அருகச் செய்துவிட்ட வேட்டைக்காரர் புதிய கரை ஒன்றுக்காக ஏங்கி நின்றனர். நிலம் இருக்கும் இடத்தைச் சொன்னாற் பெரும்பணம் தருவதாக அவ்வணிகர் ஸ்மித்தை அணுகினர். தம் நாட்டாரால் நகைக்கப்பட்டிருந்தும், அந்நாட்டுக்கே அந்நிலம் உரியதாதல் வேண்டும் என்று கருதி அவர் மறுத்துவிட்டார்.

மூன்றாம் பயணம்

1819ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தின் பிற்பகுதியில் ஸ்மித் மூன்றாம் முறையாக வல்பரைசோவுக்குச் சரக்கேற்றிப் புறப்பட்டார். ஒக்டோபர் 15ஆந் திகதி நிலம் மீண்டும் தோன்றிற்று. இம்முறை அவர் கண்ணை மட்டும் நம்பினாரல்லர். ஆழமானிக் குண்டை இறக்கினார். ஈயக் குண்டின் அடியிலுள்ள குழியிற் கொழுப்பைப் பூசிக் கயிற்றிற் கட்டி இறக்குவது மாலுமிகளின் வழக்கம். கயிற்றின் நீளத்தால் எத்தனை பாகம் ஆழம் என்பது தெரியும். கொழுப்பில் ஒட்டி வரும் மணலாற் கடலடி இத்தன்மையது என்பது தெரியும். பனிமலை மிதப்பது, அதனருகிற் கடல் எத்துணை ஆழமாயினும் இருக்கலாம். நிலத்தினருகிலோ கடல் படிப்படியாக ஆழங்குறையும். குண்டு கடலடியைத் தொட்டு மணலைக் கொணர்ந்தது. ஐயம் நீங்கியது.

மறுநாள் படகொன்று கரைக்குச் சென்றது. இன்று ஜோர்ஜ் அரசர் தீவு என வழங்கும் தீவின் வடகரையில், பிரித்தானியக் கொடி பொறித்த பலகையொன்று நாட்டப்பட்டது. மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் பெயரால் அந்நிலம் உரிமையாக்கப்பட்டது. கரையெங்கும் கடல்நாய்கள் திரளாகக் கிடந்தன. நோர்வே நாட்டுப் பைன் மரங்களைப் போன்றவை தொலைவிலே தோன்றின எனவும் ஸ்மித் கூறினார். இது பிழை. அங்கே பூக்கும் தாவர இனங்கள் இரண்டே உள. ஒன்று புல், மற்றொன்று பாசிபோற் படரும் சிறுசெடி. உண்மையைக் கண்டவர் கண்ணும் சிலவற்றிற் பிழைபடும் என்பதையும், ஒரு பிழை கொண்டு முழுச் செய்தியையும் தள்ளுதல் தகாது என்பதையும் இதனால் அறியலாம்.

ஸ்மித் இந்நிலத்துக்கு முதலிற் புதிய தென் பிரித்தானியா எனப் பெயரிட்டார். பின்னர் அப்பெயர் புதிய தென் ஷெற்லாந்து என மாற்றப்பட்டது. கொத்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெற்லாந்துத் தீவுகள் வடக்கு அகலக்கோடு 60 பாகையிலும், இவை தெற்கு அகலக்கோடு 62 பாகையிலும் இருப்பதே காரணம். ஆயின் அகலக்கோடு ஒத்திருந்தும் இயல்பு ஒவ்வாது. வட ஷெற்லாந்தில் மக்கள் வாழ்கின்றனர், ஆடு மேய்க்கின்றனர். அயனமண்டலப் பக்கத்திலிருந்து வரும் வெந்நீரோட்டம் அக்கரைக்கு இதமளிக்கின்றது. தென் ஷெற்லாந்துக்கு அத்தகைய பேறில்லை. அந்தாட்டிக்காவைச் சுற்றியோடும் நீரோட்டம் வெந்நீரை அணுகவொட்டாது வேலி போல் நிற்கின்றது. வெப்பநிலையை ஞாயிற்றின் சாய்வு மட்டுமன்றிக் கடலும் காற்றும் சேர்ந்தே வகுக்கின்றன என்பதற்கு இவ்விரு தீவுக்கூட்டங்களும் நல்ல எடுத்துக்காட்டு.

இத்தீவுகளிற் கரையிறங்கியவரென உறுதியாக அறியப்பட்டவருள் ஸ்மித்தின் மாலுமிகளே முதல்வர். எனினும் துயரமான ஓர் ஐயம் உண்டு. பெரு நாட்டுக்குப் படையுதவி கொண்டு சென்ற ‘சன் தெல்மோ’ என்னும் இசுப்பானியப் போர்க்கப்பல், 644 பேருடன் 1819ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத் தொடக்கத்தில் அக்கடலிற் சுக்கான் பழுதுற்று மறைந்தது. பிற்பாடு வந்த வேட்டைக்காரர் லிவிங்ஸ்ரன் தீவின் வடகரையில் ஒரு நங்கூரத் தண்டையும் சிதைவுகளையும் கண்டனர். அக்கப்பலிலிருந்து எவரேனும் உயிருடன் கரையேறியிருப்பின் அவர்களே அங்கு முதற் கால்வைத்தோராவர். அதற்கு உறுதியான சான்று கிடைத்திலது.

பெருநிலம் தோன்றல்

நவம்பர் மாத இறுதியில் ஸ்மித் வல்பரைசோவை அடைந்தபோது நகைத்தவர் வாயடங்கினர். ஷெரிவ் தாமதியாது வில்லியம்ஸ் கப்பலையே கூலிக்கு அமர்த்தினார். தம் கப்பலைச் சேர்ந்த எட்வேட் பிறான்ஸ்பீல்ட் என்பவரைத் தலைவராக நியமித்தார். ஸ்மித் வழிகாட்டியாக உடன் சென்றார். இளநிலைக் கடற்படை அதிகாரிகள் மூவரும் ஒரு மருத்துவரும் சேர்ந்துகொண்டனர். அயர்லாந்தின் கோர்க் பகுதியைச் சேர்ந்த பிறான்ஸ்பீல்ட் இளமையிலே கடற்படைக்குக் கட்டாயமாக இழுத்துச் செல்லப்பட்டவர். தம் திறமையால் உயர்ந்தவர்.

டிசம்பர் மாதத்திற் புறப்பட்ட அவர்கள் 1820ஆம் ஆண்டு ஜனவரி நடுப்பகுதியில் தீவுகளை அடைந்து, கரையோரமாகச் சென்று படம் வரைந்தனர். பின்னர் தெற்கே திரும்பி, மூடுபனிக்கிடையே பயணஞ்செய்து, ஜனவரி 30ஆந் திகதி உயர்ந்த மலைகளையுடைய நிலமொன்றைக் கண்டனர். அது தீவன்று, அந்தாட்டிக்கப் பெருநிலத்தின் வடமுனை. குக் தேடிக் காணாத கண்டத்தின் ஒரு மூலை, நிலக்கரிக் கப்பற் கரையிலே கட்டப்பட்ட ஒரு சிறு கப்பலின் தளத்திலிருந்து காணப்பட்டது.

இதே மாதத்தில் உருசியக் கடற்படைத் தலைவர் பெலிங்ஸ்ஹோசன் கண்டத்தின் மற்றொரு பக்கத்தில் இருந்தார். புதிய கணக்கின்படி ஜனவரி 27 அல்லது 28இல் அவர் கண்டத்தைச் சூழ்ந்த பனிக்கட்டி விளிம்பைக் கண்டார். உருசியர் அன்று பழைய நாட்காட்டியைக் கையாண்டமையும், கடலில் நாளை நண்பகலிலிருந்து கணக்கிட்டமையும் இத்திகதி வேறுபாட்டுக்குக் காரணம். எனவே முதலிற் கண்டவர் யார் என்னும் வாதம் இரண்டு மூன்று நாட்களையே பொறுத்தது. உருசியர் கண்டது பனிக்கட்டி. ஆங்கிலேயர் கண்டது பாறைமலை. இருவரும் ஒருவரையொருவர் அறியாது உண்மையை இரு புறத்திலிருந்து தொட்டனர் என்று கொள்வதே நடுநிலை.

பிறான்ஸ்பீல்ட் எழுதிய நாட்குறிப்பு பின்னர் காணாமற் போயிற்று. அவர் வரைந்த படம் எஞ்சியது. சிலியில் அப்போதிருந்த ஜோன் மையர்ஸ் என்னும் பொறியியலாளர் ஸ்மித்தின் கண்டுபிடிப்பை எடின்பரோ ஆராய்ச்சி இதழில் 1820இல் வெளியிட்டார். உடன் சென்ற இளநிலை அதிகாரி பொயின்ரர் என்பவரின் நாட்குறிப்பொன்று நெடுங்காலத்துக்குப் பின் நியூசிலாந்தில் வெளிப்பட்டு 2000ஆம் ஆண்டில் நூலாக அச்சேறியது. இவ்வாறு, ஒரு கையேடு அழிந்ததால் மங்கிய உண்மை, மற்றொரு கையேடு பிழைத்தமையால் தெளிவு பெற்றது.

கடல்நாய் வேட்டை

ஸ்மித் பணத்துக்கு விற்க மறுத்த இரகசியம் நெடுநாள் நிலைக்கவில்லை. துறைமுகங்களிற் செய்தி பரவியது. 1819ஆம் ஆண்டு முடியுமுன்னரே புவெனஸ் அயர்ஸிலிருந்து ஒரு வேட்டைக்கப்பல் தீவுகளை அடைந்தது. அடுத்து வந்த அமெரிக்கக் கப்பலாகிய ‘ஏர்சிலியா’ ஏறக்குறைய 9,000 தோல்களுடன் மீண்டது. 1820-21ஆம் ஆண்டுக் கோடையிலோ பிரித்தானியரும் அமெரிக்கருமாக ஐம்பது வரையான கப்பல்கள் திரண்டன. நல்ல கடற்கரைகளுக்காக இரு நாட்டாரும் கைகலக்கவும் முனைந்தனர்.

வேட்டை என்னும் சொல் இங்குப் பொருந்துமோ என்பது ஐயம். உரோமக் கடல்நாய்கள் குட்டியீனவும் பாலூட்டவும் கரையேறுவன. மனிதரை அறியாதனவாதலின் ஓடவும் அறியா. வேட்டைக்காரர் தடிகொண்டு தலையிலடித்து வீழ்த்தி, அவ்விடத்திலேயே தோலுரித்து உப்பிட்டனர். தாய்களே பெரிதும் கொல்லப்பட்டமையாற் பாலின்றிக் குட்டிகளும் மடிந்தன. இக்கடல்களில் வேட்டையாடியவரும் பின்னர் தென்கடல் ஆராய்ச்சியாற் புகழ்பெற்றவருமாகிய ஜேம்ஸ் வெடெல், 1821, 1822 ஆகிய ஆண்டுகளில் 3,20,000 தோல்கள் எடுக்கப்பட்டன எனவும், தாயிழந்த குட்டிகள் ஓரிலட்சம் வரை இறந்தன எனவும் தம் நூலிற் கணக்கிட்டார். குட்டிகள் நீரிற் செல்லப் பழகும்வரை தாய்களைக் கொல்லாது விட்டிருப்பின், ஆண்டுக்கு ஓரிலட்சம் தோல்களை நெடுங்காலம் பெற்றிருக்கலாம் என்றும் அவர் எழுதினார்.

வெடெல் கூறியது அருளறத்தின் பாற்பட்டதன்று; வணிகக் கணக்கே. அக்கணக்கைத்தானும் எவரும் பின்பற்றினாரல்லர். தான் விட்டுவைப்பதை மற்றவன் எடுப்பான் என்னும் எண்ணமே ஒவ்வொரு கப்பற்றலைவரையும் உந்தியது. யாவர்க்கும் பொதுவான செல்வத்துக்குக் காவலில்லையெனின், அறிவுடையாரும் அறிவற்ற செயலையே செய்வர். ஸ்மித் கண்டு ஐந்தாண்டு நிறைவதற்குள் அக்கரைகளிற் கடல்நாய் காண்பதே அரிதாயிற்று. கப்பல்களும் வருதலை நிறுத்தின.

கண்டவர் பெற்ற பயன்

ஸ்மித்தும் 1820-21ஆம் ஆண்டிற் கடல்நாய் வேட்டைக்குச் சென்றார் என்பதை மறைத்தற்கில்லை. தோல்களோடு 1821இல் இங்கிலாந்துக்குத் திரும்பியபோது, சந்தையிற் தோல் மலிந்து விலை வீழ்ந்திருந்தது. அவருடைய பங்காளிகளோ பொருளிழந்து நொடித்திருந்தனர். வில்லியம்ஸ் கப்பல் விற்கப்பட்டது. தம் கண்டுபிடிப்புக்குப் பரிசு வேண்டி அவர் கடற்படைத் தலைமையகத்துக்கு விண்ணப்பஞ் செய்தார், பயன் கிட்டவில்லை. பின்னர்க் கப்பல்களுக்கு வழிகாட்டும் தொழில் செய்தும், வேறு கப்பல்களிற் பணிபுரிந்தும் வாழ்ந்தார். முதுமையில் வறிய மாலுமிகளுக்கான அறச்சாலையில் ஒதுங்கி 1847இற் காலமானார்.

உலகப் படத்தில் அவர் பெயர் ஒரு தீவுக்கு உண்டு. தீவுக்கூட்டத்தின் மேற்குப் பகுதியில், 2,100 மீற்றருக்கு உயர்ந்த மலைத்தொடரோடு, கரையேறுதற்கு அரிதாய் நிற்பது ஸ்மித் தீவு. முதலில் நம்பாத ஷெரிவின் பெயரோ லிவிங்ஸ்ரன் தீவின் ஒரு முனைக்கு வழங்குகின்றது.

இன்றைய நிலை

வேட்டைக்காரர் விட்டகன்ற தீவுகளுக்குத் திமிங்கில வேட்டைக்காரர் வந்தனர். எரிமலை வாயினுள் கடல் புகுந்து இயற்கைத் துறைமுகமாய் அமைந்த டிசெப்சன் தீவில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எண்ணெய் காய்ச்சும் நிலையம் இயங்கியது. அவ்வெரிமலை 1967, 1969 ஆகிய ஆண்டுகளில் வெடித்து அங்கிருந்த ஆராய்ச்சி நிலையங்களை அழித்தது. இக்கூட்டத்தின் வடகீழ்க் கோடியிலுள்ள எலிபன்ற் தீவிலேயே, கப்பலை இழந்த சாக்கிள்ரனின் தோழர் 22 பேர் கவிழ்த்த படகுகளின் கீழ் நான்கு மாதங்கள் காத்திருந்து, 1916ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆந் திகதி மீட்கப்பட்டனர்.

1959ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆந் திகதி பன்னிரண்டு நாடுகள் அந்தாட்டிக்க உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. தெற்கு அகலக்கோடு 60 பாகைக்குக் கீழுள்ள பகுதி முழுவதும் அமைதிக்கும் அறிவாராய்ச்சிக்குமே உரியதாயிற்று. 1972இல் கடல்நாய்களைக் காக்கத் தனி ஒப்பந்தம் ஒன்றும் செய்யப்பட்டது. ஸ்மித்தின் மாலுமிகள் கொடிப்பலகை நாட்டிய ஜோர்ஜ் அரசர் தீவில் இன்று சிலி, உருசியா, சீனா, போலந்து, பிரேசில், கொரியா முதலிய பல நாடுகளின் ஆராய்ச்சி நிலையங்கள் அயலயலாக இயங்குகின்றன. முற்றாக அழிந்தனவென எண்ணப்பட்ட உரோமக் கடல்நாய்கள் 1950களின் பிற்பகுதியில் ஷெரிவ் முனையில் மீண்டும் தலைகாட்டிப் பெருகின. ஆயினும் அண்மைக் காலத்தில், உணவுக் குறைவாலும் சிறுத்தைக் கடல்நாய்கள் குட்டிகளைத் தின்பதாலும் அவற்றின் தொகை மறுபடியும் விரைந்து குறைந்து வருகின்றது. தடியேந்திய மனிதர் இன்றில்லை. எனினும் கடலின் வெப்பமும் உணவும் மாறுதற்குக் காரணமான செயல்களில் மனிதருக்குப் பங்குண்டு.

ஸ்மித்தின் வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. கண்டதைக் கண்டவாறே சொல்லி, நகைப்புக்கு அஞ்சாது சான்று தேடிச் சென்ற உறுதியால் உலகப் படம் விரிந்தது, இது முதலாவது. அறிவு பெருகும்போது அதனைக் காக்கும் ஒழுங்கும் உடன்பெருகாவிடின், அறிந்த பொருளே அழியும், இது இரண்டாவது. தீவுகளைக் கண்டறிய ஒரு மாலுமிக்கு எட்டு மாதங்களில் மூன்று பயணங்கள் போதுமாயிருந்தன. அத்தீவுகளை எவ்வாறு பேணுவது என்பதில் நாடுகள் ஒருமனப்படுவதற்கோ 140 ஆண்டுகள் சென்றன.